கொஞ்சம்

விடிகாலை மூன்றரைக்குத் தேங்காய்ப்பால் கொதிக்கும்.
சிலிம் ரிவர் முழுக்கத் தூங்கும் நேரம்.
செம்பனை ஆலையின் புகைபோக்கியும் நானும்தான் விழித்திருப்போம்.
பாண்டான் இலையை முடிச்சுப் போட்டு
அரிசியில் புதைக்கும்போது
உள்ளறையில் கட்டில் கிரீச்சிடும்:
பூபாலன் புரள முயல்கிறார்,
இடப்பக்கம் மட்டும் புரள்கிறது.

பதினாறு வருடம் இந்தக் கடையின் நாக்கு அவர்.
சம்பால் வற்றும் சமயம்
உள்ளங்கையை நீட்டுவார். ஒரு சொட்டு வைப்பேன்.
கண்ணை மூடி,
"உப்பு கொஞ்சம்."
அவ்வளவுதான் பேச்சு. பிறகு லோரி ஏறி
குலை அள்ளப் போய்விடுவார்.

ஆடியில் ஒரு செவ்வாய்க்கிழமை,
ஆலை எடைமேடையில் லோரி நின்றது,
இவர் இறங்கவில்லை.
ரத்த அழுத்தம் இருநூற்றுப் பத்து என்றாள் மிஸ்ஸி,
வீட்டு நம்பர் சொல்வதுபோல.

முதல் பத்து நாள் மூக்கில் குழாய்.
பிறகு தண்ணீரில் மாவு கலக்கக் கற்றுக்கொடுத்தார்கள்.
வெறும் தண்ணீர் வழி தவறி நுரையீரலுக்குப் போய்விடுமாம்.
ஐம்பத்தெட்டு வயதில்
என் புருஷன் தண்ணீரை மென்றார்.
வலக்கன்னத்தில் சோறு தங்கிவிடும், அவருக்கே தெரியாது.
பக்கத்துக் கட்டில்காரர் பார்க்காமல் திரையை இழுத்துவிட்டு
விரலால் வழித்தெடுப்பேன்.

உணவு ஆலோசகர் ஸியூ லிங், சின்னப் பெண்,
காகிதத் தட்டில் கோடு கிழித்தாள்:
சுக்கு, சுக்கு, செபாரோ.
கால் தட்டு சோறு, கால் தட்டு மீன், அரைத் தட்டு காய்.
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
ஒரு கால் விழுந்தவருக்கு
இரண்டு கால் தருகிறாளே என்று.
அவளுக்குத் தமிழ் தெரியாது.
கருவாடு வேண்டாம், நெத்திலி வேண்டாம், கீச்சாப் வேண்டாம்,
தேங்காய்ப்பால்...
"நீங்கள் என்ன வேலை?"
"நாசி லெமாக் விற்கிறேன்."
கொஞ்ச நேரம் அவள் பேனா நகரவில்லை.

இப்போது வீட்டில் இரண்டு அடுப்பு.
ஒன்று ஊருக்கு.
இன்னொன்றில் ஓட்ஸும் பாசிப்பருப்பும் குழையும்,
கங்கோங் கீரை பூண்டோடு மசியும்,
கெம்போங் மீன் எலுமிச்சைச் சாற்றில் வேகும்.
எலுமிச்சை உப்புக்குத் தம்பி என்று
என்னை நானே ஏமாற்றிக்கொள்வேன்.
உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று கேட்டு வளர்ந்தவள்.
உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்றும் சொன்னார்கள்.
அந்த உள்ளளவு எவ்வளவு என்பதை
உப்பே அளக்கும் என்று
ஒருத்தரும் சொல்லவில்லை.

இந்த ஊருக்கு உப்பிட்டவள் நான்.
ஐந்தரைக்கு வரிசையில் நிற்கும் முகங்களை
இப்போதெல்லாம் உற்றுப் பார்க்கிறேன்.
அர்ச்சுனன், இரட்டை முட்டை.
ஃபோர்மன் காசிம், சம்பால் தனிப் பொட்டலம்.
பள்ளி வேன் ஓட்டும் கனகவல்லிக்குக்
கழுத்து நரம்பு துடிப்பது இங்கிருந்தே தெரிகிறது.
யாருக்கு எந்தச் செவ்வாயோ.

போன வாரம் சம்பாலில் அரைக் கரண்டி உப்பு குறைத்தேன்.
யாரும் கேட்கவில்லை.
இந்த வாரம் இன்னொரு அரை.
"அக்கா, கை மாறிப்போச்சா?" என்றார் அர்ச்சுனன்.
ஆமாம் என்றேன்.

மற்ற வார்த்தையெல்லாம் எங்கோ சிந்திப்போய்
அவரிடம் ஒன்றுதான் மிச்சம்: "கொஞ்சம்."
பசித்தால் கொஞ்சம். வலித்தால் கொஞ்சம்.
மகள் போன் செய்தால் அவள் பெயரும் கொஞ்சம்.
அதைத் தூண்டில் புழுவாக்கி
அடுத்ததைப் பிடிக்கலாம் என்கிறாள்
பேச்சுப் பயிற்சி தரும் ரொஹாயா.

இன்று காலை கைத்தடியோடு
அடுப்பங்கரை வாசல்வரை வந்துவிட்டார்.
சம்பால் வற்றிக்கொண்டிருந்தது.
இடது உள்ளங்கையைத்தான் நீட்ட முடியும். தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு
நீட்டினார்.
ஒரு சொட்டு. அதற்கும் குறைவு.
கண்ணை மூடி, வெகுநேரம் கழித்து,
"கொஞ்சம்."

குறைக்கவா, கூட்டவா?

கேட்டேன். கண் திறக்கவில்லை.
வெளியே காசிமின் மோட்டார் வந்து நின்றது.
உப்பு ஜாடியின் மூடி என் கையில்.