உப்புக்கொத்தியின் பொய்

கிழமை நாட்களில் நான் மின்மானி வாசிப்பவன்.
அலஸ்தோட்டம் முதல் சாம்பல்தீவுப் பாலம் வரை
எந்த வீட்டு நாய் கடிக்கும்,
எது குரைத்துவிட்டுப் படுத்துக்கொள்ளும் என்று தெரியும்.
வேறொன்றும் பெரிதாய்த் தெரியாது.

ஞாயிறு வந்தால்
மூன்று கை மாறி வந்த கமராவும்
பூஞ்சணம் ஒரு புள்ளியாய்ப் பூத்த லென்ஸும்
ஜவ்பரின் ஓட்டோவில் ஏறும்.
பின்சீற்றில் நான்; பக்கத்தில் முக்காலி,
கால் மடக்கிய இன்னொரு பயணி.

அவசரம் ஒன்றும் இல்லை எங்களுக்கு.
டச்பே கரையில் முதலில் பிளேன்ரீ.
கோட்டையிலிருந்து இறங்கிவந்த புள்ளிமான் ஒன்று
கடலுக்கு முதுகைக் காட்டி
ரொட்டி சுற்றிய தாளைத் தின்றுகொண்டிருக்கும்.
அதையும் எடுப்பேன், தாளோடுதான்.
"மான் எண்டால் பின்னால காடு வேணும்" என்பான் ஜவ்பர்.
பின்னால் நிற்பது கண்டி பஸ்.
என்ன செய்ய, அதன் காடு அது.

பிறகு உப்புவெளி தாண்டி வடக்கே,
களப்பு வாய் திறக்கும் மணல்திட்டு.
ஆனி மாதம். கச்சான் காற்று
வயல்களின் சூட்டையெல்லாம் வாரிக்கொண்டு வந்து
கடலில் கொட்டும்.
ஓட்டோவுக்குள் ஜவ்பர் வறுத்த கச்சான் உடைப்பான்.
வெளியில் வீசுறதும் கச்சான், வாயில மெல்லுறதும் கச்சான்:
வருடா வருடம் அதே பகிடி.
வருடா வருடம் சிரிப்பேன்.

வயிறு மணலில் பட விழுந்து கிடப்பேன்.
முழங்கை வேகும்.
வளைவாசலில் கண்களை மட்டும் நட்டுவைத்து
நண்டொன்று என்னை அளக்கும்:
இது செத்ததா, சாகப் போவதா?

அப்போதுதான் அது வந்தது.
ஒரு கைப்பிடி மணலுக்குக் கால் முளைத்தாற்போல்
ஓடும், நிற்கும், ஓடும்.
உப்புக்கொத்தி.
திடீரென்று என் முன்னால் சரிந்து
ஒரு சிறகை விசிறியாய் விரித்து
வாலை மணலில் இழுத்து
ஆடிற்று ஐயா, ஆடிற்று.
ஊர்ந்தேன். கொஞ்சம் தள்ளிப் போய் ஆடிற்று.
இன்னும் ஊர்ந்தேன். இன்னும் தள்ளி.
நாற்பத்து மூன்று படம்.
எனக்காகவே ஆடுகிறதென்று
நெஞ்சு ஈரமாகிவிட்டது.

நிழலுக்குத் திரும்பிக் காட்டினேன்.
ஜவ்பர் மடியிலிருந்த கோதுகளைத் தட்டிவிட்டு
திரைக்குக் கைகுடை பிடித்துப் பார்த்தான்.
"ஏன் எல்லாப் படத்திலயும்
இந்தக் குருவிக்குச் செட்டை உடைஞ்சு கிடக்கு?"

எண்பது அடி தூரம்
என்னை வயிற்றோடு இழுத்துப் போயிருக்கிறது
ஒரு முட்டைக்கோழிக் குஞ்சின் எடை.

என் தடத்தையே பிடித்துத் திரும்ப நடந்தேன்.
முழங்கைக் கோடுகள், முக்காலியின் மூன்று குழிகள்,
எல்லாம் தொடங்கிய இடத்தில்
இடக்கால் செருப்புத் தடத்துக்கு ஒரு சாண் தள்ளி
சிப்பித் தூளுக்கு நடுவே மூன்று முட்டை.
மணல் நிறம். மேலே பேனை எழுதுகிறதா என்று
கிறுக்கிப் பார்த்த கோடுகள்.
அடுத்த அடியை நான் அங்கேதான் வைத்திருப்பேன்.

ஒரே ஒரு படம். நின்றபடி.
மூச்சு விடாமல்.

இரவு கணினியில் பெரிதாக்கிப் பார்க்கிறேன்.
மணல். மணல். ஒரு சிப்பி.
முட்டை எங்கே என்று எனக்கே தெரியவில்லை.
தாட்சாயினி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து,
"மணலை ஏன் படமெடுத்தனீங்கள்?"
சும்மா, என்றேன்.

அடுத்த ஞாயிறு
முழங்கை நீள லென்ஸோடு ஒருவர்,
நிலாவெளி ஹோட்டலில் தங்கியிருப்பவர்,
இந்தப் பக்கம் பறவை ஏதும் உண்டா என்று கேட்டார்.
தெற்கே கை காட்டினேன்.
போதாது என்று பட்டது.
நானே முன்னால் நடந்தேன்,
செருப்பு வார் வேறு அறுந்திருந்தது,
ஒரு காலை இழுத்து இழுத்து,
பின்னால் வருகிறாரா என்று
அடிக்கடி திரும்பிப் பார்த்தபடி.