பெட்டிக்கடை

அந்தோணியார் திருவிழா மேடையில்
மூன்றாவது பாட்டுக்கு மயங்கி விழுந்தவன் நான்தான்.
மீன்பெட்டிக்குள் ஒட்டும் வெள்ளித்தாளில்
டெல்சி எனக்குத் தைத்த ஜாக்கெட்.
காற்றை உள்ளே விடாது, சூட்டை வெளியே விடாது.
சோடா தெளித்து எழுப்பியபோது
அவள் என் அக்குளைத்தான் பார்த்தாள்,
தையல் விட்டிருக்கிறதா என்று.

விடவில்லை.

ஆறு வருஷம் திருப்பூரில்
யாரோ ஒரு வெள்ளைக்காரப் பாடகன் முகத்தை
ஆயிரமாயிரம் பனியனில் அச்சடித்துவிட்டு வந்து
தங்கச்சிமடத்தில், ஐஸ் பேக்டரிக்குப் பக்கத்தில் கடை போட்டாள்.
போர்டு எழுதியது படகுக்குப் பெயின்ட் அடிக்கும் சூசை.
‘டெல்சி பொட்டிக்’ என்று துண்டுச்சீட்டில் கொடுத்தாள்.
பிள்ளை பிழையாய் எழுதிவிட்டது என்று
நல்ல மனசோடு திருத்தினார்:
‘டெல்சி பெட்டிக்கடை’,
ஆரஞ்சில், நீலக்கரை கட்டி.

மாற்றக் காசில்லை.
வந்தவர்கள் வெற்றிலை கேட்டார்கள், தீப்பெட்டி கேட்டார்கள்.
கவுனுக்கு நடுவே ஷாம்புச் சரம் தொங்கவிட்டாள்.
முதல் வருஷ வாடகையை
ஒரு ரூபாய் ஷாம்புதான் கட்டியது.

பிறகு அந்தச் சரத்தையே பாவாடையில் இறக்கினாள்.
இடுப்பிலிருந்து கணுக்கால் வரை
பச்சை ரோஸ் பச்சை ரோஸ்,
கிழிக்கிற இடத்தில் புள்ளிக்கோடு.
சென்னையில் அதை மாட்டி ஒருத்தி நடந்தாள், கைதட்டினார்கள்.
இன்ஸ்பிரேஷன் என்ன என்று மைக்கை நீட்டினார்கள்.
‘வாடகை’ என்றாள்.

போன மாசியில் பாம்பனிலிருந்து புளோரம்மாள் வந்தாள்.
புருஷனும் படகும் அக்கரையில் பிடிபட்டு நாற்பது நாள்.
ரவிக்கைத் துணியை மேசையில் வைத்து
முதுகில் படகு நம்பரைப் போடச் சொன்னாள்.
கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்காரும்போது
பின்னால் நிற்கிறவனுக்கும் தெரியவேண்டுமாம்.
சூசையின் கையெழுத்திலேயே தைத்தாள். காசு வாங்கவில்லை.

பேப்பரில் படம் வந்தது.
மறுநாள் சென்னைக் கடையிலிருந்து போன்:
அதே நம்பரோடு ஐம்பது ஜாக்கெட், பாதிப் பணம் இப்போதே.

அன்று இரவு மெஷின் ஓடவில்லை.
விடிந்ததும் என்னை மீன்துறை ஆபீஸுக்கு அனுப்பினாள்.
இருக்கிற எல்லாப் படகு நம்பரையும் எழுதி வந்தேன்.
அதில் இல்லாத ஐம்பதை
அவளே உட்கார்ந்து உண்டாக்கினாள்.
எந்தப் பலகையிலும் ஏறாத எண்கள்.
கடலுக்கே போகாதவை;
யாரும் கரையில் நிற்கவேண்டியதில்லை.

கடைசி ஜாக்கெட்டை என் முதுகில் வைத்து
அவள் அளவு பார்க்கும்போது
வாசலில் ஒரு பையன் ஷாம்பு கேட்டான்.
அசையாமல் நின்றபடியே கையை நீட்டி
இரண்டு கிழித்துக் கொடுத்தேன்.
ஒரு பச்சை, ஒரு ரோஸ்.