இடது ஓரம் ஒன்றரை அங்குலம்

என் மேசைக்கு வந்து சேரும்போது
எந்த அரசியலும் காகிதமாகிவிட்டிருக்கும்.
எட்டுப் பாடம், தேறியே ஆகவேண்டிய புள்ளியியல்,
ஐந்தாண்டு தாண்டினால்
செல்லாக்காசாகிவிடும் மதிப்பெண்கள்.
நான் எதையும் படிப்பதில்லை. சரிபார்ப்பேன்.
ரெஜைனாவில் இருபத்திரண்டு குளிர்காலமாக
இதே மர ஸ்கேல், இதே முத்திரை.

கெடு முடிய நான்கு நாள் இருக்கையில்
மாரிட் ஹால்வர்சன் வந்தாள்.
பூட்ஸில் சாலை உப்பின் கறை,
கையில் நூற்றுப் பன்னிரண்டு பக்கம்.
பிரெஞ்சு வாசிப்புத் தேர்வில் இரண்டு முறை கவிழ்ந்து
மூன்றாம் முறை கரையேறியவள்.
வாய்மொழித் தேர்வில்,
"மாதிரி ரொம்பச் சிறிது" என்றார்களாம்.
"ஊரே சிறிதுதான்" என்றாளாம் இவள்.

வாக்குச்சாவடியை
முப்பத்தெட்டு கிலோமீட்டர் தள்ளி வைத்தால்
யார் வருவதில்லை, ஏன் வருவதில்லை:
அதுதான் ஆய்வு.
ஊருக்குப் பெயர் இல்லை, 'ஊர் ஆ'.
நெறிக்குழுவின் விதி அப்படி.
யாரையும் யாரும் அடையாளம் காணக்கூடாது.

நான் ஓரங்களை அளப்பவள்.
இடது ஒன்றரை அங்குலம், மற்றவை ஒன்று.
எழுபத்தொன்றாம் பக்கத்தில் ஸ்கேல் நின்றது.

பதிலாளர் 17, ஆண், அறுபதைத் தாண்டியவர்:
"ரோடு நல்லாத்தான் இருந்தது. போய்ச் சேர்ந்துட்டேன்.
எஞ்சினை அணைக்காம வெளியே உட்கார்ந்திருந்தேன்,
பக்கத்து சீட்டில் மூணுகால் நாய்.
உள்ளே போனா யாராவது
தங்கச்சி எப்படி இருக்கான்னு கேட்பாங்க.
வண்டியைத் திருப்பிட்டேன்."

வசில்.

நிலத்தை விற்ற வருஷத்திலிருந்து
எங்களுக்குள் பேச்சில்லை.
நாய்க்குக் கால் போனதே
யாரோ சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

பார்க்காத மாதிரி பக்கத்தைப் புரட்டியிருக்கலாம்.
பென்சிலை எடுத்து
முதல்முறையாக ஓரத்தைத் தாண்டி எழுதினேன்:
'நாய், தங்கை. ஆள் தெரிகிறது. மாற்றவும்.'
யாருக்குத் தெரிகிறது என்று எழுதவில்லை.

திங்கட்கிழமை திரும்பி வந்தது.
நாய் 'வளர்ப்புப் பிராணி' ஆகியிருந்தது.
நான் 'உறவினர் ஒருவர்' ஆகியிருந்தேன்.
முத்திரை குத்தினேன்.
கட்டிப்பிடிக்க வந்த மாரிட்
நடுவில் மேசை இருந்ததால்
கையைக் குலுக்கிவிட்டுப் போனாள்.

பின்னிணைப்பில் ஓர் அட்டவணை இருந்தது,
வராதவர்கள் சொன்ன காரணங்கள்.
தூரம் 19. வேலை 11. உடல்நலம் 6.
பிற 1.
அந்த ஒன்றைத் திருத்தச் சொல்ல
எந்த விதியும் இல்லை.

மாலை ஐந்தரை இருக்கும்.
எண் விரலுக்கு ஞாபகம் இருந்தது.
ஆறு முறை மணி அடித்தது.
எடுத்தவன் ஒன்றும் சொல்லவில்லை, நானும்தான்.
அங்கே மரத்தரையில்
எதுவோ நடந்து வந்தது.
ஒன்று, இரண்டு, மூன்று,
ஒரு இடைவெளி,
மறுபடி ஒன்று.
எண்ணிக்கொண்டிருந்தேன்.