மறைகோடுகள்

எண்பத்தொன்பது, ஆடி மாசம்.
களியக்காவிளைச் சந்தைக்குப் பின்னால்
தாசையன் இன்ஜினியரின் மாடி.
திருவனந்தபுரத்திலிருந்து வாடகைக் காரில்
என் மடியில் உட்கார்ந்து வந்தது
அந்தக் கம்ப்யூட்டரின் திரை.
செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும்,
தூசி அதற்கு ஆகாது.
எங்களுக்கு ஆகும்.

ஒரு கோட்டுக்கு இரண்டு புள்ளி போதும்.
தப்பினால் பிளேடால் சுரண்ட வேண்டாம்.
நாலு வருஷம் டிரேசிங் தாளைச் சுரண்டிய என் விரல்
முதல் வாரம் முழுக்க
மேசை விளிம்பைச் சுரண்டிக்கொண்டிருந்தது.

சார்ஜாக்காரர் அபுசாலியின் வீடு
பச்சைக் கம்பிகளாய் எழுந்து நின்றது.
இரண்டு மாடி, எட்டுத் தூண், வளைந்த படிக்கட்டு.
அவர் வீட்டுக்காரி சபூரா உம்மா
முக்காட்டை ஒதுக்கிக் குனிந்து பார்த்தார்.
"இதென்ன, அயிலை முள்ளு மாதிரி?
ரோட்டுல போறவனுக்கு எனக்க குளிமுறி தெரியுதே!"

சொன்னது சரி.
கம்பிக்குச் சுவர் என்றால் என்னவென்று தெரியாது.
எது முன்னால் எது பின்னால் என்று
அதனிடம் யாரும் கேட்டதில்லை.
அதற்கொரு கட்டளை உண்டு, இங்கிலீஷில் நாலே எழுத்து:
ஹைட்.
நேரம் பிடிக்கும் என்றது கையேடு.
எவ்வளவு என்று சொல்லவில்லை.

மாலை ஆறு மணிக்குத் தட்டினேன்.
ஒவ்வொரு கோட்டையும் நிறுத்தி
ஒவ்வொரு சுவரிடமும் விசாரித்தது எந்திரம்,
ரேஷன் கார்டைப் புரட்டும் தாலுகா ஆபீஸ் போல.
அடியில் ஓர் எண் மட்டும் ஏறிக்கொண்டிருந்தது.
மூன்றேகால் மணிக்கு ஆயிரத்து எழுநூற்றிச் சொச்சம்.
மூன்று பதினாறுக்குக் கரண்ட் போனது.

இடவழிக்கு அந்தப் பக்கம் கேரளா.
சுதாகரன் சாயாக்கடையில்
பல்பு எரிந்துகொண்டிருந்தது,
கொஞ்சங்கூட வெட்கமில்லாமல்.

மறுநாள் அறுபதடி வயர் வாங்கினோம்.
தென்னையில் ஒரு சுற்று, முருங்கையில் ஒரு சுற்று,
எல்லைக்கல்லின் தலைக்கு மேலே தொங்கி
எங்கள் சன்னலுக்குள் வந்தது.
செக்போஸ்டில் ஒருத்தரும் கேட்கவில்லை.
அரிசியாயிருந்தால் கேட்டிருப்பார்கள்.
எண் ஏற ஏற
ஸ்டெபிலைசர் முனகுவதைக் கேட்டபடி
ஒரு பாக்கெட் ரஸ்க்கையும் தின்று தீர்த்தேன்.

விடிகிற நேரம் பிளாட்டர் பேனாவைத் தூக்கியது.
முதல் தூணிலேயே மை காய்ந்து போயிற்று;
பேனா முனையை நாக்கில் தொட்டு மாட்டினேன்
(தாசையன் பார்க்கவில்லை).
தூண், சன்னல், கைப்பிடிச் சுவர்.
குளிமுறி இல்லை. படிக்கட்டு இல்லை.
வீடு முதல்முறையாக
வீடு மாதிரி வாயை மூடிக்கொண்டு நின்றது.

சபூரா உம்மா தாளை வெளிச்சத்தில் பிடித்தார்.
திருப்பி முதுகுப்பக்கமும் பார்த்தார்.
"எனக்க அடுக்களை எங்கே?"
உண்டு உம்மா, சுவருக்குப் பின்னால் உண்டு.
"நீ கண்டியா?"

கண்டிருந்தேன், இரண்டு ராத்திரி முன்பு.
அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

சுதாகரனுக்கு ஆறு ரூபாய் கொடுத்தோம்.
கணக்குப் புத்தகத்தில்
'சாயா' என்று எழுதினார் தாசையன்.