அப்பளம் என்றால் வலப்பக்கம்

நம் சைகைகள் எல்லாம் அடுப்படியிலிருந்து வந்தவை.
ரசம் என்றால் காலடிக்குக் குறும்பந்து.
புளி என்றால் இடப்பக்கம், அங்கே ஓடிய
கிஸ்டன் முகத்துக்காக வைத்த பேர்.
அப்பளம் என்றால்
உயரத் தூக்கி, தடுப்பவன் தலைக்கு மேலே,
வலக்கோடியில், எனக்கு.

கேப் டவுனிலிருந்து வந்த அணிகள்
நாம் பசியில் கத்துகிறோம் என்று நினைத்தன.
சாட்ஸ்வொர்த்காரர்களுக்கு எல்லாம் புரியும்.
அவர்களோடு ஆடும் வாரம்
அகராதியைத் தலைகீழாக்குவாய், தயாளன்.
நான் மறந்துபோய்ப் புளிக்கு ஓடியிருக்கிறேன்.

திங்கள் முதல் வெள்ளி வரை
ஜேக்கப்ஸ் செருப்புத் தொழிற்சாலையில் அடித்தோல் வெட்டினாய்,
எட்டாம் நம்பர், ஒன்பதாம் நம்பர், ஊரார் கால்களுக்கு.
சனிக்கிழமை பத்தாம் நம்பர் சட்டை.
ஆட்டம் முடிந்தால் பழுப்பு உறையில் பதினைந்து ராண்டு.
அதற்குப் பேர் தொழில்முறை.
எண்ணிப் பார்க்காமல் பைக்குள் வைப்பாய்.
பந்தையும் அப்படித்தான்,
பார்க்காமலேதான் கொடுப்பாய்.

லிஸ்பனிலிருந்து ஒரு கடிதம் வந்தது.
பாஸ்போர்ட் அலுவலகத்தில் மூன்று முறை வரிசையில் நின்றாய்.
நான்காம் முறைக்கு லீவு கிடைக்கவில்லை என்றாய்.
நான் நம்பியதுபோல் இருந்துவிட்டேன்.

எழுபத்தெட்டு. இறுதி ஆட்டம்.
எண்பத்துமூன்றாவது நிமிஷம்.
மெர்பேங்க் ஆலையிலிருந்து அழுகிய முட்டை வாடை,
என் முன்னால் வெறும் புல்.
அப்பளம் என்று கத்தினேன்.
தொண்டை கிழியக் கத்தினேன்.
நீ கேட்டாய். உன் தோள் கேட்டது, பார்த்தேன்.
பிறகு நீயே அடித்தாய்.

கம்பம்.
காலிப் பாத்திரத்தில் கரண்டி விழுந்ததுபோல் ஒரு சத்தம்.

அதற்குள் பின்னாலிருந்து வந்த உதை
உன் முழங்காலைத் திருப்பிப் போட்டிருந்தது.
ஆகவே யாரும் உன்னை எதுவும் கேட்கவில்லை.
ஸ்ட்ரெச்சர் கிடையாது. உடைமாற்றும் அறைக் கதவைக்
கழற்றிக்கொண்டு வந்தார்கள்.
ஒரு முனையை நான் பிடித்தேன்.
நீ கனமாக இருந்தாய்.

ஆஸ்பத்திரியில் ஏழு வாரம்.
மூன்று தரம் வந்தேன்.
குதிரைப் பந்தயம் பற்றிப் பேசினோம்.
இரண்டு பேருக்கும் குதிரை தெரியாது.

அப்புறம் பயிற்சியாளன்.
தொண்ணூற்றிரண்டில் பெரிய கிளப் ஒன்று
உன்னைத் துணைக்கு எடுத்தது.
ட்ராக்சூட் கொடுத்தார்கள், பேச இடம் கொடுக்கவில்லை.
இன்னொன்று உன்னை வேலையைவிட்டு அனுப்பியது
கார் நிறுத்துமிடத்தில்,
கண்ணாடியை முழுதாக இறக்காமலே.
மூன்றாவது திவாலானது.
கோல்வலைகளை விற்று டிரைவருக்குச் சம்பளம் கொடுத்தாய்.
அந்த டிரைவர் நான்.

இப்போது உம்லாசியில் இரண்டாம் டிவிஷன் அணி.
புதன் இரவு. விளக்குகளில் பாதிதான் எரிகிறது.
கோட்டோரம் நிற்கிறாய்,
வலது கால் யாரிடமோ கடன் வாங்கியதுபோல்.
ஒவ்வொரு பந்துக்கும்
ஷூவுக்குள் உன் விரல்கள் இன்னும் ஆடுகின்றன.
கால்சராய் நுனி அதிர்வதில் தெரிகிறது.

பஸ்ஸை அணைத்துவிட்டு வேலியோரம் வந்தேன்.
சிபோனெலோ என்ற நெட்டையன்
நடுவில் பந்தை நிறுத்தித் தலை தூக்குகிறான்.
வலக்கோடியில் ஒருவன் ஓடிக்கொண்டே கத்துகிறான்,
ஜூலு நாக்கில் நடு எழுத்தை நீட்டி:
அப்பாளம்! அப்பாளம்!
அவன் ஒருநாளும் தின்றிருக்க மாட்டான்.

பந்து எழுந்தது. கொஞ்சம் அதிகம்.
அவனைத் தாண்டி, கோட்டைத் தாண்டி,
வேலிக்கம்பி பிய்ந்த இடம் வழியாக
என் காலடிக்கு.

நீ திரும்பினாய்.
“சாகரன், என்ன பார்த்துக்கொண்டு நிற்கிறாய்?
போடு இங்கே.”

போட்டேன்.
உனக்கில்லை. உன் தலைக்கு மேலே,
சிபோனெலோவுக்கு.
செருப்பும் பந்தோடு போனது.