நான்கு மணி நேரத்தில் காயும்

ஒன்று ஆயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்று ஒன்பது.
இரண்டு வாங்கினேன்.
அந்தக் காசுக்குத் திருவாரூர் கடைத்தெருவில்
நாலு வருஷத்து உள்ளாடையும்
மேலே ஒரு நைட்டியும் எடுக்கலாம்,
தெரியாமல் இல்லை.

அட்டையில் போட்டிருந்தது:
பயணிகளுக்கானது, இரண்டே போதும்.
ஒன்றை உடுத்துங்கள், ஒன்றை அலசுங்கள்.
ஆறு வாரம், பதினேழு நாடு.

எனக்கு ஆறு நாள், பதினோரு கொள்முதல் நிலையம்.
கொரடாச்சேரி தொடங்கி முத்துப்பேட்டை வரைக்கும்
ஐப்பசி மழைக்கு நடுவே
நெல்லில் எத்தனை ஈரம் என்று பார்க்கிற வேலை.
பையில் பாதி ஈரமானிக்கு.
பேரேடு, டார்ச், குடை, ஒரு டப்பா புளிக்காய்ச்சல்.
மிச்ச இடத்தில்தான் நான்.

முதல் ராத்திரி, லாட்ஜ்.
அலசி, படத்தில் காட்டியபடி துண்டில் சுருட்டி
மேலே ஏறி நின்று மிதித்தேன்.
கம்பியில் போட்டேன்.
அதன்மேல் துண்டைப் போட்டேன்.
காலையில் தொட்டால் சில்லென்று இருந்தது.
ரூபாய் மழையோடு போச்சு என்று
பாலித்தீன் பையில் முடிந்துகொண்டு
மற்றதை உடுத்திக் கிளம்பினேன்.

பாமணியில் தார்ப்பாய்க்கு அடியில்
ஒன்பது நாளாகக் கிடந்தது வேதவல்லியின் குவியல்.
குத்தகை நிலம். வட்டிக் கடன்.
வயிற்றுக்குள் கை விடுகிற மாதிரி
குவியலுக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளித் தந்தாள்.
கொதித்தது.
பத்தொன்பது புள்ளி எட்டு.
பதினேழுக்கு மேலே நான் எடுக்க முடியாது.
"மூடுனா புழுங்குது, தொறந்தா நனையுது.
ஒரு வெயில் குடுங்கம்மா, எறக்கிக் காட்டுறேன்."
என் பையில் அது இல்லை.

அன்று ராத்திரி மன்னார்குடி, அறை எண் 203.
துண்டை எடுத்த கை பாதியில் நின்றது.
கதவில் இரண்டு தாழ்.
ஜன்னலுக்குப் பலகை அடித்திருக்கிறது.
யார் பார்க்க வருகிறார்கள்?

வீட்டில் மதியழகனுடையது
மாடிக் கொடியில் தோரணமாக ஆடும்.
என்னுடையது கொல்லைப்புறம், அவர் கைலிக்கு அடியில்,
இருபத்தேழு வருஷமாக
வெயில் என்றால் என்னவென்று தெரியாமல்.

துண்டைக் கட்டிலில் எறிந்தேன்.
ஒன்பதரைக்கு ஃபேனுக்கு நேர் கீழே போட்டேன்.
பக்கத்தில் பழைய பருத்தி ஒன்று.
ஒப்பிட ஒரு மாதிரி வேண்டும், தொழில் புத்தி.
இரண்டு மணிக்கு கரண்ட் போய் இரண்டரைக்கு வந்தது.
நாலு மணிக்கு எழுந்து தொட்டேன்.
பருத்தி, துணி பரவாயில்லை, எலாஸ்டிக்கில் ஈரம்.
புதுசு காய்ந்திருந்தது.
ஈரமானியை வைத்துப் பார்க்கக்கூடத் தோன்றியது.
அது நெல்லுக்கு மட்டும்.

பட்டியல் எழுத்தர் ஜமீலா போனில் கேட்டாள்,
"வாங்கலாமாக்கா?"
நாலு மணி நேரம் என்பது பொய், ஆறரை ஆகும்,
அதுவும் கரண்ட் இருந்தால்.
மூன்று மணி நேரம் பஸ்ஸில் உட்கார்ந்தும்
தையல் உறுத்தவில்லை, தொடை எரியவில்லை,
அது நிஜம்.
இரண்டு வேண்டாம், ஒன்று போதும்,
மிச்சத்துக்குத் திருப்பூர் இருக்கிறது.
"அப்புறம்?"
"அப்புறம், அது மேல துண்டு போடாத."
சிரித்தாள். கொஞ்ச நேரம் பேசவில்லை.
"எங்க மாமியார் வீட்டுலயா?" என்றாள்.

அன்று முழுக்க ஊரே நனைந்தது.
நெல், சாக்கு, லோடுமேன்கள், பேரேட்டின் ஓரம்.
நான் மட்டும் உள்ளே காய்ந்திருந்தேன்.
சொல்லிக்கொள்கிற விஷயமா அது.

கடைசி நாள் பதினோரு மணிக்கு
ஒரு வெயில் அடித்தது.
பாமணியில் அவள் தார்ப்பாயை உருவியிருப்பாள்,
ரோட்டில் கால் பாதம் பாதமாக இழுத்துத்
துழாவிக்கொண்டிருப்பாள்.
நான் பக்கெட்டிலிருந்ததைப் பிழிந்து
லாட்ஜ் மொட்டைமாடிக்கு ஏறினேன்,
துண்டுக்குள் மறைத்துக்கொண்டுதான்.