ஐந்துக்கு மூன்று

அட்டனில், சைக்கிள் கடைக்கு மேலே,
அறுபத்தொன்பதில், என் மாலை வகுப்பு.
பஞ்சர் பசையின் வாசம்
பலகை இடுக்கு வழியே ஏறிவரும்.
தூதரகம் இலவசமாய் அனுப்பிய சரித்திரப் புத்தகத்தில்
புளோரிடாவை எலி தின்றிருந்தது.
மிச்சமிருந்த அமெரிக்காவைக்
கரும்பலகையில் வரைந்தேன்.

ஆயிரத்து எண்ணூற்று இருபது, என்றேன்.
புதிதாய் ஒரு மாநிலம் சேர வருகிறது.
அடிமைகளோடா, இல்லாமலா?
வடக்கும் தெற்கும் முறைத்துக்கொண்டு,
செட்டியார் கடைத் தராசில் புளி நிறுப்பதுபோல்
அந்தத் தட்டில் ஒன்று, இந்தத் தட்டில் ஒன்று வைத்தார்கள்.
பிறகு, இனி வரப்போகும் நிலத்துக்கெல்லாம் சேர்த்து
மேற்கே ஒரு கோடு இழுத்தார்கள்.

எனக்குக் கோடு நேராய் வரவில்லை.
"லயன் மாதிரி போடுங்க சார்" என்றான் கருத்தமுத்து.
வெள்ளைக்காரன் பேச்சில் இரண்டும் ஒரே சொல்தான்.
சிரித்தோம்.
இருபது காம்பராவுக்கு ஒரே தகரம்,
வளைந்த லயனை எவரும் கண்டதில்லை.

அடுத்த பக்கம், வாக்குரிமை.
காணியில்லாதவனும் ஓட்டுப் போடலாம் என்று
மாநிலம் மாநிலமாய்ச் சட்டம் மாறிய காலம்.
சேற்றுக் காலோடு கூலிக்காரன் வந்து
ஜனாதிபதி மாளிகையின் பட்டு நாற்காலியில் ஏறி நின்றான்.
கோப்பைகள் உடைந்தன.
பின்வாங்கில் கைதட்டல்.
"தொர பங்களாவுல பெரட்டு வச்ச மாதிரி!"
கீழேயிருந்து கிரிபண்டா முதலாளி
ஸ்பானரால் முகட்டைத் தட்டினார்.

அதே பக்கத்தின் அடியில், பொடி எழுத்தில்:
பென்சில்வேனியாவில் அதுவரை
ஓட்டுப் போட்டுவந்த கறுப்பு மனிதர்களுக்கு
இனி அது இல்லை.
சட்டத்தில் 'வெள்ளை' என்று
ஒரு சொல் சேர்த்தார்கள்.
அவ்வளவுதான் வேலை.

யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
என் அப்பா நாற்பத்தேழில் ஓட்டுப் போட்டவர்.
ஐம்பத்திரண்டில்
அதே சட்டையைத் தேய்த்துப் போட்டு
மூன்று மைல் இறங்கிப் போய்
பெயர் இல்லை என்று ஏறி வந்தவர்.
இதைச் சொல்லலாமா என்று யோசித்து
சுண்ணக்கட்டியை மாற்றிக்கொண்டேன்.

எமரன்சிதான் கேட்டாள்:
"அடிமைங்கள எப்படி சார் கணக்கெடுத்தாங்க?"
ஐந்துக்கு மூன்று, என்றேன்.
ஐந்து பேரை எண்ணி, மூன்று என்று எழுதுவது.
அந்த மூன்றும் அவர்களுக்கு அல்ல,
எஜமானின் ஊருக்கு ஆசனம் கூட்ட.
கொப்பியில் எழுதிக்கொண்டாள்.
பக்கத்திலேயே, நான் சொல்லாத ஒன்றை,
தன்பாட்டில் எழுதினாள்:
ஏழுக்கு நாலு.

ஏழு பேர் கப்பலேறினால்
நாலு பேருக்கு இங்கே பிரஜாவுரிமை.
டில்லியும் கொழும்பும் கையெழுத்திட்ட வாய்ப்பாடு,
பிள்ளைக்காம்பரா குழந்தைக்கும் மனப்பாடம்.
நல்லழகி வீட்டில் இந்தியாவுக்கு எழுதியாயிற்று.
கருத்தமுத்துவின் அண்ணன் இந்தியா, இவன் இலங்கை,
இன்றைக்கு இருவருக்கும் ஒரே கம்பளி.
எமரன்சியின் கடுதாசி கண்டியில் கிடக்கிறது.
என்னுடையதும் அங்கேதான்,
எந்தக் கட்டில் என்று தெரியாது.

"அந்தக் கோடு என்னாச்சு சார்?"
முப்பத்துநாலு வருஷம் நின்றது.
"அப்புறம்?"
அழித்தார்கள்.
"நல்லதுதானே?"
அழித்த பிறகுதான் ரத்தம், என்றேன்.
கோடு இருந்தபோதும் ரத்தம்தான்,
அது கரும்புத் தோட்டத்துக்குள்ளேயே காய்ந்துவிட்டது.
இதைச் சொன்னேனா, நினைத்தேனா,
இப்போது ஞாபகமில்லை.

பதுளைக் கோச்சி கூவியது.
பிள்ளைகள் படியிறங்கினார்கள்,
நல்லழகி செருப்பைக் கையில் பிடித்தபடி.
ஈரத்துணியால் பலகையைத் துடைத்தேன்.
நாடு போனது. கோடு மட்டும்
பலகையின் கீறலோடு சேர்ந்து நின்றது.

இடாப்பை விரித்து எழுதினேன்:
வந்தோர், பதினொன்று.
என்னைச் சேர்க்காமல்.